உங்களுக்குத் தெரியுமா? செம்பு, வெண்கலம், தைலம்

நாக்கு வழிக்கும் கருவியை எதில் செய்யலாம் என்று சரக சம்ஹிதை ஐந்து உலோகங்களைச் சொல்கிறது: பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளை. முனை கூர்மையாக இருக்கக் கூடாது, வளைந்திருக்க வேண்டும் என்பது கூடுதல் விதி. சுசுருதர் பொன், வெள்ளி, மரம் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார். நீளம் பத்து விரற்கடை இருக்க வேண்டும், வழவழப்பாக இருக்க வேண்டும் என்கிறார். அவர் பட்டியலில் செம்பே இல்லை. ஆகவே, “செம்பில் செய்தால்தான் சாஸ்திரப்படி சரி” என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் அது விற்பவரின் சாஸ்திரம். தென்னங்கீற்றின் ஈர்க்கை இரண்டாகக் கிழித்து, வில்லாக வளைத்து, கிணற்றடியில் நாக்கு வழித்த நம் பெரியவர்கள் சுசுருதர் கட்சி.

*

பல் துலக்கும் பிரஷ்ஷால் நாக்கைத் தேய்ப்பதைவிட வழிப்பானால் வழிப்பது வாய் நாற்றத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பலன் தருகிறது. 2006இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு சொன்னது இது. சற்றுத்தான், ரொம்ப அல்ல. அந்தப் பலனும் நீண்ட நேரம் நிற்பதில்லை. நாற்றத்துக்குக் காரணம் நாக்கின் பின்பாதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வெளியிடும் கந்தக வாயுக்கள். அழுகிய முட்டை வாடைக்குப் பேர்போன ஹைட்ரஜன் சல்ஃபைடு அவற்றில் ஒன்று. அதனால் நுனி நாக்கை மட்டும் மினுக்கிவிட்டு வருவதில் பயனில்லை. குமட்டல் வராத அளவுக்கு உள்ளே வைத்து, பின்னிருந்து முன்னாக, அழுத்தாமல் இழுக்க வேண்டும். ரத்தம் வந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள்.

*

செம்பு கிருமியைக் கொல்லும் என்பது கதையல்ல. 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செம்புக் கலவைகளைக் கிருமிநாசினிப் பரப்புகளாகப் பதிவு செய்தது. கதவுப் பிடி, கட்டில் கம்பி போன்றவற்றில் பட்ட குறிப்பிட்ட பாக்டீரியாக்களில் 99.9 சதவீதம் 2 மணி நேரத்துக்குள் அழியும் என்று விளம்பரம் செய்துகொள்ள அனுமதியும் தந்தது. கவனிக்க வேண்டியது அந்த 2 மணி நேரத்தை. நாக்கில் செம்பு படுவது சில நொடி. அதற்குள் அது எந்தக் கிருமியையும் கொன்றுவிடாது. வழித்து எடுப்பது மட்டும்தான் நடக்கும். மறுநாள் காலை வரை குளியலறை மாடத்தில் கிடக்கும் வழிப்பான் தன்னைத் தானே ஓரளவு சுத்தமாக வைத்துக்கொள்ளும். செம்புக்கு உண்டான லாபம் அவ்வளவே, ஆனால் அது நிஜமான லாபம்.

*

செம்புக் குடத்துத் தண்ணீர் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கைகாட்டும் ஆய்வு பெங்களூரில் நடந்தது, 2012இல் வெளியானது. காலரா, சீதபேதி, டைஃபாய்டு வகைக் கிருமிகளையும் ஈ.கோலையையும் வேண்டுமென்றே கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு எடுத்து வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்கவில்லை. தண்ணீரில் இறங்கியிருந்த செம்பு லிட்டருக்கு 0.177 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 2 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம்மூர்க் குடிநீர்த் தரக்கட்டுப்பாடு இன்னும் கறார்: 0.05 மில்லிகிராம் வரை தாராளமாக ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு தாராளமாக இடம் கொடுக்கிறது, நம்மூர்க் கணக்கு பொறுத்துக்கொள்ளும் வரம்புக்குள் வைக்கிறது. மூன்று நாள் ஊற வைத்தால் மும்மடங்கு நன்மை என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

இன்னொன்று. அந்த ஆய்வு பார்த்தது கிருமியை மட்டும். மூட்டுவலி தீரும், தைராய்டு சரியாகும், எடை குறையும் என்பதெல்லாம் பாட்டிலின் மேல் பின்னால் ஒட்டப்பட்டவை.

*

கடையில் வாங்கும் சில செம்பு பாட்டில்களுக்கு உள்ளும் புறமும் நிறம் மங்காதிருக்க ஒரு கண்ணாடிப் பூச்சு அடித்திருப்பார்கள். பூச்சு இருந்தால் தண்ணீர் செம்பைத் தொடுவதே இல்லை. கண்டுபிடிக்கச் சுலபமான வழி: மாதக்கணக்கில் புழங்கியும் உட்புறம் கறுக்கவே இல்லை என்றால் சந்தேகப்படலாம். காந்தம் ஒட்டினால் அது செம்பே அல்ல, உள்ளே இரும்பு.

*

செம்பில் ஏறும் பச்சைக்குக் களிம்பு என்று பேர். சைவ சித்தாந்திகளுக்கு இது பிடித்தமான உவமை. செம்பு இருக்கும்போதே களிம்பும் உடன் இருப்பதைப்போல உயிரோடு ஆணவம் இருக்கிறது என்பார்கள். வேதியியல் அவ்வளவு தூரம் போகாது. காற்று, ஈரம், அமிலம் மூன்றும் செம்போடு சேர்ந்தால் உண்டாகும் உப்புகள் அவை. வயிற்றுக்குள் போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு.

புளியைப் போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளவென்று ஆவதும் இதே வேதியியல்தான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிடுகிறது. கரைந்தது கையோடும் தண்ணீரோடும் போய்விடுவதால் கவலையில்லை. அதே புளியைப் பாத்திரத்துக்குள் குழம்பாக ஊற்றி வைத்தால் கரைந்த செம்பு குழம்பில் இருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, ரசம், ஊறுகாய் எதுவும் பூச்சில்லாத செம்பில் கூடாது. காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர் குடிக்கிற வழக்கமும் செம்புச் சொம்பு வழக்கமும் இரண்டுமே உள்ளவர்கள் அவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளட்டும். அமெரிக்க உணவு விதிகள் பி.எச். 6க்குக் கீழே உள்ள எந்த உணவையும் செம்பு தொடக் கூடாது என்கின்றன. நம் வீடுகளில் அந்த விதி ஈயம் பூசுகிறவரின் குரலாகத் தெருவில் வந்துகொண்டிருந்தது.

*

அந்த ஈயம் பூசுகிறவர் பூசியது ஈயமல்ல, வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம். துருத்தி ஊதிக் கரியைக் கனலவைத்து, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, வெள்ளீயக் கம்பியின் நுனியை உள்ளே ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். பிறகு நவச்சாரப் பொடியைத் தூவிப் பஞ்சால் ஒரு சுழற்று. குபுகுபுவென்று வெள்ளைப் புகை, கண் எரியும், புகை விலகும்போது பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளிபோல் மின்னும். நவச்சாரத்தின் வேலை, சூட்டில் செம்பின் மேல் படியும் ஆக்சைடைத் துடைத்தெடுப்பது. அது துடைத்த இடத்தில்தான் வெள்ளீயம் பிடிக்கும். உண்மையான காரீயத்தைக் கலந்து பூசிக் காசு மிச்சம் பிடித்தவர்களும் உண்டு. அது நஞ்சு. இன்று பழைய செம்புப் பாத்திரம் வாங்கிப் பூசக் கொடுப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

*

கைக்குழந்தைகளுக்குச் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பால் வேண்டவே வேண்டாம். ‘இந்தியக் குழந்தை ஈரல் சுருக்கம்’ என்று உலக மருத்துவ நூல்களில் நம் நாட்டுப் பெயரோடு ஒரு நோயே இருந்தது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளின் ஈரலில் செம்பு மிக அதிகமாகச் சேர்ந்து, பெரும்பாலும் உயிரையே வாங்கியது. தாய்ப்பாலை விட்டு, பூச்சில்லாத பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைச் சீக்கிரமே கொடுப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று புணேயில் பணியாற்றிய மருத்துவர்கள் 1983இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பால் பாத்திரம் எவர்சில்வருக்கு மாறிய பின் நோயும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிறவியிலேயே செம்பை வெளியேற்ற முடியாத வில்சன் நோய் உள்ளவர்களுக்கும் செம்புத் தண்ணீர் ஆகாது.

*

இப்போது அழகு நிலையங்களில் ‘காப்பர் மசாஜ் பவுல்’ என்று ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்து முகத்திலும் உள்ளங்காலிலும் உருட்டுகிறார்கள். அது செம்பு அல்ல, வெண்கலம். குஜராத்துக் குடும்பங்களில் புழங்கிய ‘காஞ்சா வாட்டி’ அது: சுமார் 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகம். உள்ளங்காலில் நெய் தடவி, கிண்ணத்தின் அடிப்பாகத்தால் வட்ட வட்டமாகத் தேய்ப்பது அங்கே நெடுநாள் வழக்கம். உடம்புச் சூடு இறங்கும், தூக்கம் வரும் என்பார்கள். காலை அரை மணி நேரம் ஒருவர் பிடித்துவிட்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது!

தேய்க்கத் தேய்க்கப் பாதத்தில் ஒரு சாம்பல் கறுப்பு படியும். “பாருங்க, உடம்புல இருந்த நச்செல்லாம் வெளியே வருது” என்று காட்டுவார்கள். உடம்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெண்கலம் தேய்ந்து நுண்ணிய துகள் உதிர்கிறது. நெய்யின் கொழுப்பு அமிலங்களோடும் வியர்வையோடும் செம்பு வினைபுரிகிறது. அதன் நிறம்தான் அது. வியர்வை கூடுதலாக உள்ளவருக்கு அதிகம் கறுக்கும், அவ்வளவே. பாதத்துக்கு இதமாக இருக்கிறதா, செய்துகொள்ளுங்கள். சோப்புப் போட்டால் கறுப்பு போய்விடும்.

*

வெள்ளீயத்தின் பங்கு 22க்கும் மேலே ஏறி 33ஐ நெருங்கினால் வெண்கலம் கண்ணாடியாகிவிடும். பத்தனம்திட்டை மாவட்டத்து ஆறன்முளைக் கண்ணாடி அப்படித்தான் பிறக்கிறது. அலங்கரித்துக்கொள்வதற்கென்று நம் பக்கத்தில் செய்யப்பட்ட செம்புப் பொருள்களில் இதற்கு இணை இல்லை என்பது என் கட்சி. கலவை ஒரு புள்ளி பிசகினாலும் பளபளப்பு வராது. வார்த்தபின் கைதவறினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், அவ்வளவு நொறுங்கும் தன்மை. வார்த்த தகட்டை நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். சாதாரணக் கண்ணாடியில் விரல் வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே கண்ணாடியின் கனம் அளவு இடைவெளி தெரியும். இதில் விரல் நுனியும் பிம்பத்தின் நுனியும் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஒளி திரும்புவது மேற்பரப்பிலிருந்தே. பார்த்தசாரதி கோயில் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கன்னார்க் குடும்பங்கள் கண்டுபிடித்தது என்பது அங்கே வழங்கும் வரலாறு. புவிசார் குறியீடும் உண்டு.

அந்தத் திருநெல்வேலிச் சீமையிலேயே, ஆதிச்சநல்லூர்ப் புதைமேட்டில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களில் வெள்ளீயம் சுமார் 23 சதவீதம். குஜராத்து வாட்டியின் கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது.

*

எண்ணெய்க் குளியலின் மறுபாதி வெந்நீர். அதற்கென்றே ஒரு செம்புக் கருவி நம் வீடுகளில் இருந்தது: பாய்லர். நடுவே ஒரு குழாய், அடியில் சாம்பல் விழச் சல்லடை, குழாயைச் சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் பித்தளைத் திருகு. கரியோ, தேங்காய்ச் சிரட்டையோ, விறகுச் சிராயோ குழாயின் மேல்வாய் வழியாகப் போட்டால் எரிந்து அடியில் இறங்கும். நெருப்பு தண்ணீருக்கு நடுவில் இருப்பதால் சூடு வீணாவது குறைவு. செம்பு வெப்பத்தைக் கடத்தும் வேகம் எவர்சில்வரைப்போல் சுமார் 25 மடங்கு. தீபாவளி விடிகாலையில் ஒரு கூட்டுக் குடும்பமே அடுத்தடுத்துக் குளிக்க முடிந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இன்று அந்தப் பாய்லர்கள் ஓட்டல் வரவேற்பறைகளில் செடி வைக்க உதவுகின்றன.

*

இனி தைலம்.

எண்ணெயில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சினால் தைலம் என்று நினைப்போம். நூல்கள் சொல்லும் பொது அளவு வேறு: அரைத்த விழுது (கல்கம்) 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயம் அல்லது சாறு அல்லது பால் 16 பங்கு. அதாவது ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நாலு லிட்டர் நீர்ப்பொருள். அது முழுதும் வற்றும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு தண்ணீர்? நீர் இருக்கும்வரை உருளியின் சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும், மூலிகை கருகாது. கடைசித் துளி வற்றியதும் எண்ணெயின் சூடு சரசரவென்று ஏறும். இறக்க வேண்டிய நேரம் அதுதான். கொஞ்சம் முந்தினால் நீர் தங்கித் தைலம் பூஞ்சை பிடிக்கும், பிந்தினால் தீய்ந்துவிடும்.

அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க வெப்பமானி இல்லாத காலத்தில் வைத்த சோதனைகள் அழகானவை. விழுதில் ஒரு துளி எடுத்து நெருப்பில் போட்டால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் உள்ளே நீர் இருக்கிறது. எண்ணெய் என்றால் பதம் வரும்போது நுரை எழும்பும். நெய் என்றால் எழும்பிய நுரை அடங்கும். விழுதை இரு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பார்கள். சேறுபோல் ஒட்டினால் இளம் பதம். மெழுகுபோல் திரிந்து திரியானால் நடுப் பதம். மணல்போல் நெறுநெறுத்தால் முற்றிய பதம். மூக்கில் விடும் தைலத்துக்கு இளசு, உள்ளுக்குச் சாப்பிட நடு, உடம்பில் தேய்க்க முற்றியது என்று சரகர் பிரித்து வைத்திருக்கிறார். ஆகவே ஒரே பெயருள்ள தைலத்தில் தேய்க்க ஒரு பதமும் குடிக்க ஒரு பதமும் இருக்கலாம். புட்டியின் மேல் ‘வெளி உபயோகத்துக்கு’ என்று இருந்தால் அதை மதிப்பது நல்லது.

*

க்ஷீரபலா தைலத்தில் சேர்வது மூன்றே: குறுந்தொட்டி, பால், நல்லெண்ணெய். ‘101 ஆவர்த்தி’ என்று சின்னப் புட்டியில் வருவது, காய்ச்சி இறக்கிய அதே எண்ணெயில் புதிதாகப் பாலும் மூலிகையும் சேர்த்து மறுபடி காய்ச்சி, மறுபடி இறக்கி, இப்படியே 101 தரம். அதைச் சொட்டுக் கணக்கில் விற்பதற்கும் அதன் விலைக்கும் காரணம் இதுதான். மூக்கில் விடும் அணு தைலத்துக்கு 10 தரம் போதும். கடைசித் தரம் ஆட்டுப்பால்.

*

சில தைலங்களின் உள்விவரம், சுருக்கமாக. நால்பாமராதியின் நாலு மரங்கள் அத்தி, இத்தி, அரசு, ஆல், கூடவே மஞ்சள். கேரளத்தில் குழந்தைக் குளியலுக்கு இதைத்தான் எடுப்பார்கள். நீலிபிருங்காதியில் அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காயோடு முடக்கத்தானும் உண்டு. பால் நாலு வகை: ஆடு, எருமை, பசு, தேங்காய். புட்டியில் ‘கேரம்’ என்று சேர்ந்திருந்தால் அடிப்படை தேங்காயெண்ணெய். முறிவெண்ணெயிலும் தேங்காயெண்ணெய்தான்; அதில் முருங்கையிலை, வெற்றிலை, கற்றாழை, சின்ன வெங்காயம் எல்லாம் சேரும், கிட்டத்தட்ட ஒரு சமையல்! பிண்ட தைலத்தில் தேன்மெழுகு இருப்பதால் மார்கழியில் கட்டிபடும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம். அதன் சிவப்பு மஞ்சிட்டி வேரின் சிவப்பு.

குங்குமாதியின் தலைவர் குங்குமப்பூ. ஒரு கிராம் குங்குமப்பூவுக்குச் சுமார் 150 மலர்கள் வேண்டும். சல்லிசாகக் கிடைக்கும் குங்குமாதிப் புட்டியைக் கையில் எடுக்கும்போது இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கலாம்.

*

மரச்செக்கில் எள் ஆட்டும்போது பாதியில் கருப்பட்டி போடுவார்கள். ருசிக்காக அல்ல. எள்ளு மாவில் பனிபோல் பரவிக் கிடக்கும் எண்ணெயைத் திரளச்செய்து, பிண்ணாக்கிலிருந்து பிரித்துவிடுவது அதன் ஈரமும் பிசுக்கும்தான். நல்லெண்ணெய் சீக்கிரம் காறிப்போகாததற்குக் காரணம் வேறு: அதற்குள்ளேயே இருக்கும் செசமால் வகைப் பொருள்கள். ஆயுர்வேதத் தைலங்கள் பெரும்பாலும் நல்லெண்ணெயிலேயே காய்ச்சப்படுவதற்கு இந்தத் தாங்கும் சக்தியும் கைகொடுக்கிறது.

*

முடிக்குத் தேங்காயெண்ணெய் நல்லது என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று உண்டு. 2003இல் மும்பையில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரானது, முடித்தண்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆய்வைச் செய்தவர்கள் பாராசூட் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிக்கோவின் ஆராய்ச்சிப் பிரிவினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதனால் முடி முளைக்கும் என்று அவர்கள்கூடச் சொல்லவில்லை.

*

தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்லும் அஷ்டாங்க ஹிருதயம், நேரமில்லாதவருக்கு ஒரு சலுகையும் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்: தலை, காது, பாதம் மூன்றையும் குறிப்பாகக் கவனி என்கிறது. கபம் மிகுந்திருக்கும்போதும் அஜீரணத்தின்போதும் கூடாது என்கிறது. சளி பிடித்த பிள்ளைக்கு எண்ணெய் வைக்காதே என்று வீட்டில் சொல்வதும் அதுதானே.

நம் சித்தர் தேரையர் ‘பிணி அணுகா விதி’யில் ஒரு கால அட்டவணையே போட்டிருக்கிறார். மூக்குக்கு மருந்து ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, பேதி நாலு மாதத்துக்கு ஒருமுறை, எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளியல்.

*

இந்தப் பத்தியில் ஒன்றே ஒன்றை மட்டும் வெட்டி ஒட்டி வைப்பதானால் இதை வையுங்கள்: குளிப்பாட்டும்போது கைக்குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடக் கூடாது. சளியெடுப்பது என்று சொல்லி மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் தமிழகத்துக் கிராமங்களில் மட்டுமல்ல, நகரங்களிலும் இருக்கிறது. நீர் இருமலைத் தூண்டுவதுபோல எண்ணெய் தூண்டுவதில்லை. சத்தமில்லாமல் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடும். அதனால் வருவதற்கு லிப்பாய்டு நிமோனியா என்று பேர். சாதாரண ஆன்டிபயாடிக்கில் போகாது. பெரியவர்களுக்கு மூக்கில் மருந்து விடும் நஸ்யம் வைத்தியர் பக்கத்தில் இருந்து, சொட்டு எண்ணி, விட்டதைக் காறித் துப்பச் சொல்லிச் செய்வது. அதைப் பார்த்துக் குழந்தைக்குச் செய்யக் கூடாது. காதுக்கும் அப்படியே. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

*

எண்ணெய்க் கொப்பளிப்பில் இரண்டு வகை. வாய் நிறைய எண்ணெயை ஆடாமல் அசையாமல் அடக்கி வைப்பது கண்டூஷம். கொஞ்சமாக ஊற்றி உருட்டிக் கொப்பளிப்பது கவளம். சென்னையில் பல் மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், நல்லெண்ணெய் கொப்பளித்த பதின்பருவத்தினருக்குப் பல்சொத்தைக் கிருமியின் எண்ணிக்கை குறைந்தது. சர்க்கரையும் புற்றுநோயும் தீரும் என்பது அந்த ஆய்வில் இல்லை. துப்புவதை வாஷ்பேசினில் துப்பாதீர்கள், குழாய் அடைக்கும்.

*

கையில் செம்புக் காப்பு போட்டால் முடக்குவாதம் குறையுமா? இங்கிலாந்தில் 70 நோயாளிகளிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் போலிக் காப்புக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கைதான் பச்சையாகும்.

*

கண்மையும் ஒரு வகையில் எண்ணெய்–செம்பு கூட்டுத்தான். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே செம்பு அல்லது வெண்கலத் தட்டைக் கவிழ்த்தால் விடிவதற்குள் கரி படிந்திருக்கும். சுரண்டி எடுத்து நெய்யிலோ விளக்கெண்ணெயிலோ குழைத்தால் மை. கேரளத்தில் பூவாங்குறுந்தல் சாறு. வடக்கே விற்கும் சுர்மா வேறு சாதி. அதில் பலதும் ஈய சல்ஃபைடு. பெயரும் டப்பாவும் ஒன்றுபோல் இருப்பதால் இதை மறக்கக் கூடாது. எந்த மையானாலும் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் வேண்டாம் என்பதே கண் மருத்துவர்களின் பேச்சு.

*

மூக்கைக் கழுவும் நேத்திச் சொம்பும் செம்பில் வருகிறது. பார்க்க லட்சணமாக இருக்கும். அதில் உப்புத் தண்ணீரை ஊற்றி வைக்காதீர்கள், உப்பு செம்பை அரிக்கும். மூக்கில் விடும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை நேத்திக்குப் பயன்படுத்திய இருவர் மூளை தின்னும் அமீபாவால் இறந்தார்கள். வயிற்றுக்குப் போனால் அந்த அமீபா ஒன்றும் செய்யாது. மூக்கு வழிதான் அதற்கு வாசல்.

*

தைலத்தையும் கஷாயத்தையும் வீட்டில் காய்ச்சிய காலம் போய்ப் புட்டியில் வாங்கும் காலம் வந்ததற்குப் பெரிய காரணம் பி.எஸ். வாரியர். 1902இல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கியவர். அவர் நாடகக் கம்பெனியும் நடத்தினார். அவர் ஏற்படுத்திய கதகளிக் குழு இன்றும் ஆடுகிறது. சென்னையில் வைத்தியர்களே கூட்டுறவாகச் சேர்ந்து 1944இல் தொடங்கிய இம்ப்காப்ஸ் திருவான்மியூரில் இருக்கிறது. தலைக்குச் சுக்குத் தைலம், அரக்குத் தைலம் என்றால் சென்னைக்காரர்கள் பலருக்கு அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

வாங்கும்போது புட்டியில் மூன்று பார்க்கலாம்: ஆயுர்வேத மருந்து அல்லது சித்த மருந்து என்ற சொல், தயாரிப்பு உரிம எண், சேர்மானப் பட்டியல். சாஸ்திர மருந்தென்றால் எந்த நூலின்படி என்பதும் இருக்கும்: சஹஸ்ரயோகம், அஷ்டாங்க ஹிருதயம் என்று. உரிம எண் இல்லாமல் ‘ஹெர்பல்’, ‘பாரம்பரியம்’ என்று மட்டும் பளிச்சிட்டால் அது மருந்தல்ல.

*

எண்ணெய் துடைத்த துண்டை வெயிலில் தனியாக விரித்துக் காயப்போடுங்கள். துணியில் பரவிய எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது தானே சூடாகும்; குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியின்றிப் புகைந்து தீப்பிடித்ததும் உண்டு. டிரையரில் உலர்த்திச் சூட்டோடு மடித்து அடுக்கி வைத்த மசாஜ் துண்டுகளால் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. சோப்புப் போட்டு அலசினாலும் எண்ணெய் முழுதும் போவதில்லை. அப்படிப்பட்ட துண்டுகளுக்குக் கொடிக்கயிறுதான் சரி.